எல்லா உலகங்களும் ஒரு வீடும்

ஒரே திரைப்படத்தைப் பார்த்த இருவருள் ஒருவர் கண்ணீரோடும் மற்றவர் சலிப்போடும் எழுந்து செல்வாராயின், அவர்கள் உண்மையில் எதைப் பார்த்தார்கள் என்னும் வினா எழுவது இயல்பே. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' என்னும் அமெரிக்கப் படம் இவ்வினாவைப் பல நாடுகளிலும் எழுப்பிற்று. 'எல்லாம், எங்கும், ஒருங்கே' என அதன் பெயரைத் தமிழில் கூறலாம். டேனியல் குவான், டேனியல் ஷைனெர்ட் ஆகிய இருவர் இயக்கிய இப்படம், 2023 மார்ச் 12 அன்று நடைபெற்ற ஆஸ்கார் விழாவில் சிறந்த படத்திற்குரியது உட்பட 7 விருதுகளைப் பெற்றது. எனினும் அதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டவர்களும் பலர்.

கதையின் அடிப்படை எளியது. சீனத்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஈவ்லின் என்னும் பெண் கணவன் வேமண்டுடன் ஒரு சலவையகம் நடத்துகிறாள். வரிக் கணக்கு குழம்பிக் கிடக்கிறது. முதிய தந்தை வந்திருக்கிறார். மகள் ஜாய் மனம் கசந்து விலகி நிற்கிறாள். கணவனோ மணவிலக்குப் பத்திரத்தை வைத்துக்கொண்டு தருணம் பார்க்கிறான். இந்நிலையில், தான் வாழ்ந்திருக்கக்கூடிய எண்ணற்ற வாழ்க்கைகள் வேறு வேறு அண்டங்களில் நடைபெறுவதை ஈவ்லின் காண்கிறாள். ஓர் உலகில் அவள் புகழ்பெற்ற நடிகை. இன்னொன்றில் அவளும் மகளும் மலையுச்சியில் இரண்டு பாறைகள்.

இப்படத்தைக் கடலூரில் சபையார் சிலருடனும், ஒரு வாரம் கழித்துச் சிதம்பரத்தில் கல்லூரி மாணவர் சிலருடனும் காணும் வாய்ப்புக் கிட்டியது. கடலூரில் மூப்பர் ஒருவர், இரைச்சலும் அருவருப்பான நகைச்சுவையும் மிகுந்த இப்படத்திற்கு விருது எதற்கென்று வினவினார். அவர் கூற்றில் நியாயமில்லை என்று சொல்வதற்கில்லை. 139 நிமிடம் ஓடும் படத்தில் சண்டைக் காட்சிகள் அளவுக்கு மீறி நீள்கின்றன. சில காட்சிகளைக் குடும்பத்தோடு காண இயலாது. இளைஞர் ஒருவர் பல அண்டங்களின் இயல்பை ஆர்வத்தோடு விளக்கிக்கொண்டிருந்தார். அப்போது, வளைகுடா நாட்டில் நெடுங்காலம் வேலை பார்த்தவரின் மனைவியான ஒரு தாயார் மெல்லச் சொன்னார்: "ஐயா, அந்த உலகக் கணக்கெல்லாம் எனக்கு விளங்கவில்லை. அவர் போகாமலே இருந்திருந்தால் நாங்கள் எப்படி இருந்திருப்போம் என்று இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதைத்தானே காட்டினார்கள்?"

அன்று கேட்ட விமரிசனங்களுள் சிறந்தது இதுவே. பல அண்டங்கள் என்பது இப்படத்தில் இயற்பியல் அன்று. புலம்பெயர்ந்தோர் ஒவ்வொருவரும் இரவில் போட்டுப் பார்க்கும் கணக்கு. ஈவ்லினாக நடித்த மிஷெல் யோ மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவர். வேமண்டாக நடித்த கீ ஹுய் குவான் 1978இல், சிறு பிள்ளையாக, வியட்நாமைவிட்டு அகதியாக வெளியேறியவர். கடலூர், பரங்கிப்பேட்டைக் கரையிலிருந்து பிழைப்புத் தேடிக் கடல் கடந்தோரின் வீடுகளுக்கு இக்கதை அயலானதன்று.

சிதம்பரத்து மாணவர்களைக் கவர்ந்தது வேறொன்று. எல்லா உலகங்களையும் கண்டு சலித்த மகள், அனைத்தையும் ஒரு வளைய ரொட்டியின் மேல் வைக்கிறாள். அது கரிய சுழலாகித் தன் நடுவிலுள்ள வெறுமைக்குள் யாவற்றையும் இழுக்கிறது. அங்கிருந்த சைவ மாணவர் ஒருவர், தம் ஊர்க் கோயிலில் திரைக்கு அப்பால் பொன் வில்வ மாலையும் வெற்றிடமுமே உள்ளன என்றும், ஆயினும் அவ்வெளி தம்மவர்க்கு நிறைவேயன்றி இன்மையன்று என்றும் கூறினார். படத்தின் வெறுமையோ விழுங்கும் வெறுமை. பிரசங்கியின் ஆசிரியர் இதை அறிந்திருந்தார். பால் டில்லிக் 1952இல் வெளியிட்ட 'தி கரேஜ் டு பி' என்னும் நூலில், பொருளின்மை பற்றிய அச்சமே தற்கால மனிதனிடம் மேலோங்கி நிற்பது என்றார். ஜாய் அவ்வச்சத்தின் உருவம்.

இதற்குப் படம் தரும் மறுமொழி வேமண்டின் பரிவு. எதுவும் விளங்காத வேளையிலும் அன்பாயிருங்கள் என்று அவன் மன்றாடுகிறான். இது போதாது, மலிவான தேறுதல் என்பது சிலர் கருத்து. இங்கேதான் இறையியல் வினா எழுகிறது: இப்பரிவு எதன்மேல் நிற்கிறது? பரிவே உருவான அவன் கையிலும் மணவிலக்குப் பத்திரம் இருந்ததை நாம் மறத்தலாகாது. அன்பு செலுத்துவோரும் களைத்துப்போவர். அவர்களைத் தாங்குவது யாது என்பதற்குப் படத்தில் விடையில்லை. தகுதியற்றவனாயினும் தான் ஏற்றுக்கொள்ளப்பட்டிருப்பதை ஏற்கும் துணிவைப் பற்றி டில்லிக் எழுதினார். அத்துணிவின் ஊற்றை மனிதனுக்கு அப்பால் கண்டார்.

ஆயினும் இக்குறையைச் சுட்டிக்காட்டி நாம் மனநிறைவு கொள்ளலாகாது. ஜாய் ஒரு பெண்ணை நேசிப்பவள்; தாய் அதைத் தாத்தாவிடம் மறைக்கிறாள். ஆதலால் இப்படம் சபைகளுக்கு ஏற்றதன்று என உடன் ஊழியர் ஒருவர் கூறினார். அப்பொருளில் நம்மிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் எக்கருத்துடையவரும் ஒரு காட்சியைத் தாண்டிச் செல்ல இயலாது. மனம் நொந்து புறப்படும் மகளிடம் தாய் ஏதோ சொல்ல முயல்கிறாள். இறுதியில் வாயில் வந்தது, நீ பருத்துவிட்டாய் என்பதே. நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் இவ்வாறு வாசலைக் கடந்து சென்றனர்! முடிவில் அதே தாய், எந்த உலகத்தையும் விட இம்மகளோடு இவ்விடத்தில் இருப்பதையே விரும்புவதாகக் கூறுகிறாள். மனந்திரும்பிய மகன் பேசி முடிக்குமுன் ஓடிச்சென்று தழுவிய தந்தையின் உவமையைப் பிரசங்கிக்கும் நாம் இக்காட்சியின் முன் சற்று நாணவேண்டும்.

கடலூர்த் தாயாரின் வீட்டிற்கு நான் பலமுறை சென்று ஜெபித்திருக்கிறேன். அந்த இருபது ஆண்டுக் கணக்கை அவர் சொல்லக் கேட்டது அன்றுதான். நான் ஒருமுறையேனும் கேட்டிருந்தால் முன்னரே சொல்லியிருப்பார்.