எடை சொல்லாத கதை: பாத்வேஸ் ஆய்வு பற்றி ஒரு குறிப்பு

பள்ளிக் குழந்தைக்குக் கொழுப்பு கூடுதா குறையுதான்னு தெரிஞ்சுக்க எடை மெஷினும் உயரக் கோலும் போதாதா? போதாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு.

140 செ.மீ. உயரம், 35 கிலோ எடை உள்ள சிறுவன். அவன் உடலில் கொழுப்பு 7 கிலோ, அதாவது 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடம் கழித்து 146 செ.மீ., 38 கிலோ. பி.எம்.ஐ. இரண்டு முறையும் 18-க்குச் சற்றுக் கீழேதான். ஆனால் கூடின 3 கிலோவும் கொழுப்பு என்றால் 26 சதவீதம். எலும்பும் தசையும் என்றால் 18 சதவீதம். பி.எம்.ஐ.க்கு இரண்டும் ஒன்றுதான்!

அதனால்தான் 2003-ல் வெளிவந்த பாத்வேஸ் ஆய்வு எனக்குப் பிடிக்கும். அமெரிக்கப் பூர்வகுடிக் குழந்தைகள் படிக்கும் 41 பள்ளிகள், 1,704 குழந்தைகள், மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை மூன்று வருடம். பாதிப் பள்ளிகளில் மதிய உணவு, உடற்பயிற்சி, பாடம் எல்லாவற்றையும் மாற்றினார்கள். முக்கிய அளவுகோலாக எடுத்துக்கொண்டது உடற்கொழுப்புச் சதவீதம். தோல்மடிப்பையும் உடலின் மின்தடையையும் அளந்து, சூத்திரத்தில் போட்டுக் கணக்கிட்டார்கள்.

முடிவு? உணவில் கொழுப்பு குறைந்தது, பிள்ளைகளின் உணவறிவு கூடியது. உடற்கொழுப்பில் மட்டும் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அறிவுத் தேர்வை மட்டும் வைத்திருந்தால் "வெற்றி" என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அந்த நேர்மைக்கு ஒரு சலாம்.

என் குறை ஒன்றுதான். சதவீதம் என்பது பின்னம். மேலே உள்ள கணக்கையே பாருங்கள்: 20, 18 ஆனபோது ஒரு கிராம் கொழுப்புகூட கரையவில்லை, கீழே உள்ள எண்தான் பெரிதாச்சு. வளர்கிற வயதில் கொழுப்பு எத்தனை கிலோ, மற்றது எத்தனை கிலோ என்று தனித்தனியாக, உயரத்தோடு சேர்த்துப் பார்க்கணும். மின்தடை முறையோ உடலில் உள்ள நீரை வைத்துத்தான் கணிக்கிறது. ஒரு குழுவின் சராசரிக்கு அது சரி, ஒரு குழந்தைக்குத் தீர்ப்பு சொல்ல சரிவராது.

அடுத்த முறை "எங்கள் பள்ளித் திட்டத்தால் பிள்ளைகள் மெலிந்தார்கள்" என்று யாராவது சொன்னால் ரெண்டே கேள்வி கேளுங்க: எதை அளந்தீங்க? ஒப்பிட வேறு பள்ளி வச்சிருந்தீங்களா?