ஒரு இரைப்பை, எத்தனை கிருமி?

போன வருடம் எனக்கு எண்டோஸ்கோபி செய்தார்கள். ரிப்போர்ட்டில் இருந்தது ஒரே வரிதான்: ஹெச். பைலோரி பாசிட்டிவ், ஆன்ட்ரத்தில் எடுத்த ஒரு துணுக்கு. 14 நாள் மாத்திரை சாப்பிட்டேன், ஒரு வேளை கூட விடவில்லை. அப்புறம் ஊதிப் பார்க்கும் யூரியா டெஸ்ட் எடுத்தால் மறுபடி பாசிட்டிவ். "உங்க கிருமி மருந்துக்கு மசியல சார்" என்றார் டாக்டர். எனக்கு அந்த ஒருமைதான் உறுத்தியது. கிருமியா, கிருமிகளா?

அந்த உறுத்தலில் தேடிப் படித்ததுதான், செபாஸ்டியன் சூர்பாம் குழுவினர் 2019-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸில் எழுதிய கட்டுரை. 16 பேரின் இரைப்பையில் வெவ்வேறு இடங்களிலிருந்து துணுக்கு எடுத்து, ஒவ்வொரு துணுக்கிலிருந்தும் 10 கிருமிகளை வளர்த்து, அத்தனையின் ஜீனோமையும் படித்திருக்கிறார்கள். ஒரு நோயாளி, ஒரு காலனி, ஒரு ஜீனோம் என்று பழகிப்போன துறையில் இது பெரிய வேலை. 1997-ல் முதன்முதலாக முழுதாகப் படிக்கப்பட்ட 26695 கூட ஒரே ஒரு மனிதரிடமிருந்து வந்த ஸ்ட்ரெயின்தான்.

கண்டுபிடிப்பு அழகானது. அமிலம் சுரக்கும் நடுப்பகுதிக்கும் மேல்பகுதிக்கும் நடுவே கிருமிகள் சகஜமாகப் போய்வருகின்றன. கீழே, குடல்வாசல் பக்கம் இருக்கும் ஆன்ட்ரத்தோடு அந்தப் போக்குவரத்து குறைவு. எந்தப் பக்கம் நீந்துவது என்று முடிவுசெய்யும் ஜீன்களிலும், வெளிச்சவ்வுப் புரதங்களின் ஜீன்களிலும் இடத்துக்கு இடம் வித்தியாசம். ஒரே வீட்டில் தனித்தனி அடுப்பு மாதிரி.

இனி என் சண்டை. முதலாவது, அந்த 10. ஒரு துணுக்கில் 5 சதவீதம் மட்டுமே இருக்கும் ஒரு வகை, கண்ணை மூடிக்கொண்டு எடுத்த 10 காலனியில் ஒன்றில்கூட மாட்டாமல் போக வாய்ப்பு எவ்வளவு? 0.95-ஐப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 60 சதவீதம் வரும். 95 சதவீத நிச்சயத்தோடு பிடிக்க வேண்டுமென்றால் 59 காலனி வேண்டும். பெரும்பான்மையைப் பற்றிப் பேச 10 போதும், ஒளிந்திருப்பதைப் பற்றிப் பேசப் போதாது. மருந்துக்குத் தப்புவது பெரும்பாலும் ஒளிந்திருப்பதுதானே? போதாக்குறைக்கு, தட்டில் வளர மறுக்கும் கிருமி இந்தக் கணக்குக்குள்ளேயே வராது.

இரண்டாவது, 'இடப்பெயர்ச்சி' என்ற சொல். கிருமி நீந்திப் போனதை யாரும் பார்க்கவில்லை, வம்சாவளி மரத்தைப் பார்த்து ஊகித்தது அது. ஆனால் ஹெச். பைலோரி மரத்துக்கு அவ்வளவு எளிதாக அடங்குகிற ஜீவன் இல்லை. நகலெடுக்கும்போது வரும் பிழையைத் திருத்த மற்ற பாக்டீரியாக்களிடம் இருக்கும் வழக்கமான ஏற்பாடு இதனிடம் இல்லை. அது போதாதென்று, பக்கத்துக் கிருமியின் டிஎன்ஏ துண்டையும் எடுத்துத் தன்னில் ஒட்டிக்கொள்ளும். நம்ம பாஷையில் சொன்னால், பிராஞ்ச் மட்டும் இல்லை, தினமும் செர்ரி-பிக். அதுவும் தன்னைப்போலவே இருக்கும் உடன்பிறப்பிடமிருந்து எடுத்தால் டிஃப்பில் ஒன்றுமே தெரியாது. ஆக, கிருமியே இடம் மாறியதா, ஜீன் துண்டு மட்டும் கைமாறியதா என்று பிரிப்பது எல்லா இடத்திலும் சுலபமில்லை. கட்டுரையின் முக்கிய முடிவை இது கவிழ்த்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. அம்புக்குறிகளைக் கொஞ்சம் மெலிதாக வரைந்திருக்கலாம், அவ்வளவுதான்.

ஆன்டிபயாடிக் இந்தக் கூட்டத்தை ஒரு சின்னக் கழுத்து வழியாகப் பிதுக்கிவிடுகிறது, மிஞ்சிய சிலரின் வாரிசுகளே பிறகு இரைப்பையை நிரப்புகிறார்கள் என்ற பகுதியைத்தான் இரவு ஒரு மணிக்கு உட்கார்ந்து படித்தேன். கூட்டத்தின் அமைப்பையே மருந்துகள் இப்படி வடிவமைத்திருக்கலாம் என்று சொல்லும்போது அவர்கள் 'அநேகமாக' என்று போட்டிருக்கிறார்கள். 16 பேரை வைத்துக்கொண்டு அப்படித்தான் சொல்ல முடியும், அந்த நிதானம் பிடித்திருந்தது. என் வயிற்றில் நடந்ததும் இதுதான் என்று சொல்ல என்னிடம் ஒரு ஆதாரமும் கிடையாது, இருப்பது ஒரே ஒரு துணுக்கு.

இரைப்பை அழற்சியைக் கணிக்க 5 இடத்தில் துணுக்கு எடுக்கச் சொல்லும் சிட்னி முறை தொண்ணூறுகளிலிருந்தே இருக்கிறது. அடுத்த மாதம் மறுபடி எண்டோஸ்கோபி. ஆன்ட்ரத்தோடு நிறுத்தாமல் மேலேயும் எடுங்கள் என்று கேட்கப்போகிறேன். "கூகுள் பாத்துட்டு வந்துட்டீங்களா சார்" என்பார்.