‘எதிர்த்தான்’ என்ற வினைச்சொல்

2004 அக்டோபர் 18 இரவு, தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டிக்கு அருகே பாடி என்ற இடத்தில், ஆம்புலன்ஸ் ஒன்றில் வந்த வீரப்பனும் கூட்டாளிகள் மூவரும் அதிரடிப்படையால் சுட்டுக் கொல்லப்பட்டனர். நடந்ததை அரசுத் தரப்பு மூன்று வினைகளில் சொல்லி முடித்தது: சரணடையச் சொன்னோம், சுட்டார்கள், திருப்பிச் சுட்டோம். இது உண்மையா பொய்யா என்று தீர்ப்பளிக்க நான் இங்கே வரவில்லை. இந்த வாக்கியத்தை ஓர் உரைநடை வடிவமாகப் பார்த்தாக வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. இலக்கிய விமர்சனத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள், நம் நாவல்களும் சினிமாவும் இந்த வாக்கியத்திடம் எவ்வளவு கடன்பட்டிருக்கின்றன என்று யோசித்துப் பார்க்கலாம்.

அதன் கட்டுமானத்தைக் கவனியுங்கள். முதல் வினையும் மூன்றாவது வினையும் சொல்பவனுடையவை. நடு வினை மட்டும் மற்றவனுடையது. ஆனால் அதைச் சொல்வதும் முதலாமவனே. நான் வங்கியில் குமாஸ்தா. பற்று ஒன்று எழுதினால் அதற்கு வரவு ஒன்று எழுத வேண்டும். எதிர்ப்பதிவு கிடைக்காத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் வைத்து, அது தீரும்வரை பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ‘எதிர்த்தான்’ என்ற வினை அப்படி எதிர்ப்பதிவு இல்லாமலேயே பைசல் செய்யப்பட்டுவிடுகிறது.

உடனே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த வினை எப்போதும் புனைவு அல்ல. 1980 ஆகஸ்ட் 6 அன்று, நம் மாவட்டத்தை ஒட்டிய திருப்பத்தூரில், நக்ஸலைட்டுகள் என்று பிடிக்கப்பட்டவர்கள் காரில் கொண்டு போகப்பட்டபோது அவர்கள் வசமிருந்த குண்டு வெடித்தது. இன்ஸ்பெக்டர் பழனிசாமியும் போலீஸார் மூவரும் இறந்தனர். பிடிபட்டவனின் பலாத்காரம் ஸ்தூலமான உண்மை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அதன் பிறகு தர்மபுரி, வடஆற்காடு மாவட்டங்களில் நடந்த வேட்டையில் ‘மோதல்’ என்ற சொல் தினசரிகளில் நிலைத்துவிட்டது. நடந்த ஒரு நிஜமான எதிர்ப்பு, பின்னால் வந்த எல்லா வாக்கியங்களுக்கும் ஜாமீன் போட்டது. ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்ற பிரக்ஞை அங்கே போயிற்று.

இந்த வாக்கியத்தின் பூர்வீகம் இங்கிலாந்து. அங்கே அதற்கு எதிர்ப்பதிவு இருந்தது. 1833 மே மாதம் லண்டன் கோல்ட்பாத் ஃபீல்ட்ஸில் ஒரு கூட்டத்தைக் கலைக்கப் போன ராபர்ட் கல்லி என்ற கான்ஸ்டபிள் குத்திக் கொல்லப்பட்டார். பிரேத விசாரணை ஜூரிகள், கலகச் சட்டம் வாசிக்கப்படவில்லை, போலீஸார் மூர்க்கமாக நடந்துகொண்டார்கள் என்று காரணம் காட்டி, இது நியாயமான கொலை என்று தீர்ப்பளித்தார்கள். மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது வேறு விஷயம். சாதாரணக் கடைக்காரர்கள் உட்கார்ந்து போலீஸின் வாக்கியத்தை ஏற்க மறுக்க முடிந்தது என்பதே முக்கியம். சட்டவிரோதமான கைதை எதிர்க்க அந்நாட்டுப் பொதுச்சட்டமும் இடம் கொடுத்திருந்தது.

நமக்கு வந்தது அந்தச் சட்டம் அல்ல. மெக்காலே குழு 1837இல் நகல் தயாரித்து 1860 அக்டோபரில் நிறைவேறிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 224ஆம் பிரிவு, சட்டப்படியான கைதை எதிர்ப்பதைக் குற்றமாக்கியது. அதனோடு 99ஆம் பிரிவைச் சேர்த்துப் படிக்க வேண்டும். அரசு ஊழியர் நல்லெண்ணத்துடன் பதவியின் பெயரால் செய்வது சட்டப்படி முற்றிலும் சரியில்லாவிட்டாலும், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இல்லாதவரை, அதற்கெதிராகத் தற்காப்புரிமை கிடையாது என்கிறது அது. ஆங்கிலேயன் தன் வீட்டில் வைத்திருந்ததைக் காலனிக்கு அனுப்பும்போது எடுத்துக்கொண்டான். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 262, 37 என்று எண் மாறியிருக்கின்றன. எண்தான் மாறியிருக்கிறது.

அதே 1860இல், டிசம்பர் மாதம், டிக்கன்ஸ் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலைத் தொடராக எழுதத் தொடங்கினார். பட்டப்படிப்புக்குப் பாடமாக வைத்து நாம் கொன்றுவிட்ட புத்தகங்களில் ஒன்று. நாடு கடத்தப்பட்டுத் திரும்பி வந்த கைதி மாக்விட்சை தேம்ஸ் நதியில் போலீஸ் படகு மடக்குகிறது. அதில் முகத்தை மூடி உட்கார்ந்திருப்பவன் காட்டிக்கொடுத்த காம்பேசன். மாக்விட்ச் பாய்ந்து அவன் போர்வையை இழுக்கிறான். இருவரும் தண்ணீரில் விழுகிறார்கள். காம்பேசன் மூழ்கிப் போகிறான். போலீஸ் பாஷையில் இது கைதை எதிர்த்ததும் ஒரு சாவும். டிக்கன்ஸ் என்ன செய்கிறார்? கதை சொல்லும் பிப்புக்கே அந்தக் கணம் சரியாகத் தெரிவதில்லை. பிறகு கைதி தன் வாயால் சொல்கிறான். வாய்ப்புக் கிடைத்திருந்தால் அவனை என்ன செய்திருப்பேனோ என்பதை மறைக்காமலேயே சொல்கிறான். அதைத் தொடர்ந்து ஒரே ஒரு சின்ன வாக்கியம்: அவர்கள் விழுந்த விதத்தைப் படகை ஓட்டிய அதிகாரியும் அப்படியேதான் சொன்னார் என்கிறான் பிப். இந்த அதிகாரி நல்லவராகவோ கெட்டவராகவோ சித்திரிக்கப்படவில்லை. கைதியின் நனைந்த துணியை மாற்ற அனுமதிக்கிறார், அவனிடமிருப்பதையெல்லாம் கைப்பற்ற வேண்டும் என்கிறார். அவ்வளவே. இரண்டு தரப்பும் ஒரு பக்கத்தில் சந்திக்கும் அந்த இடத்தில், மாக்விட்சின் பலாத்காரம் வீரமாகவும் ஆகவில்லை, குற்றப்பதிவாகவும் ஆகவில்லை. ஒரு மனிதனின் செயலாக நிற்கிறது.

நம்மிடம் இருப்பவை இரண்டு மரபுகள். ஒன்று எஃப்.ஐ.ஆர். மரபு, அதைத் தினசரிகள் சுவீகரித்துக்கொண்டன. இன்னொன்று கதைப்பாடல் மரபு. 1923இல் சுட்டுக் கொல்லப்பட்ட திருநெல்வேலி ஜம்புலிங்கம் பாட்டில் நாயகனானதைப் போல, எதிர்த்தவன் இங்கே வீரனாகிவிடுகிறான். கான்ஸ்டபிள் வைக்கோல் பொம்மை. முன்னதைத் தலைகீழாகப் பிடித்தால் பின்னது. இரண்டுமே ஒற்றைப் பதிவுதான். கதைப்பாடலைக் கொண்டாடும் நம் முற்போக்கு விமர்சகர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ (2004), மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ (2006) இரண்டும் இந்தச் சுழலிலிருந்து வெளியே வந்தவை. எதிர்க்கவே இடமில்லாத உடல்களின் அனுபவத்தை அவை எழுதின. தமிழ் உரைநடைக்கு இது சிறிய லாபம் அல்ல. ஆனால் அடிப்பவன் இவற்றிலும் பெரும்பாலும் வெளியிலிருந்தே பார்க்கப்படுகிறான் என்பது என் அபிப்பிராயம். வேதனையின் சத்தியத்துக்கு இது குறையல்ல. நாவல் என்ற கலைக்குக் குறை.

எதிர்ப்பதிவு எழுதப்பட என்ன விலை என்பதற்கு இந்த மாவட்டமே உதாரணம். 1992 ஜூன் 20 அன்று அரூர் வட்டம் வாச்சாத்தியில் சந்தனக்கட்டை தேடிப் புகுந்த வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் 269 பேர். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாகினர். தேடுதல் நடத்தினோம் என்ற வாக்கியத்தின் எதிரே அந்தப் பெண்கள் தங்கள் வாக்கியத்தைத் தர்மபுரி நீதிமன்றத்தில் நின்று சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29இல் தீர்ப்பு வந்தபோது உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முதல் தீர்ப்புக்கே 19 வருஷம். அதுவும் சொல்வதற்கு அவர்கள் உயிரோடு இருந்ததால்.

பாடியில் நால்வரும் இறந்துவிட்டார்கள். அதிரடிப்படைத் தலைவராயிருந்த விஜயகுமாரின் ஆங்கிலப் புத்தகம் 2017இல் வந்தது. அந்தச் சாலையோரத்தில் இருட்டில் காத்துக் கிடந்த ஒரு சாதாரண போலீஸ்காரனின் கை நடுங்கியதா, நடுங்கவில்லையா, அவனுக்கு உண்மையில் என்ன கண்ணில் பட்டது என்பதை எழுத வேண்டியது நம் நாவலாசிரியன். தேம்ஸ் படகில் இருந்த அந்தப் பெயரில்லாத அதிகாரியைப் போன்ற ஒருவன் தமிழில் வரும்வரை, செய்தித்தாளைக் குறை சொல்ல நமக்கு அதிக யோக்கியதை இல்லை.