கலமும் செல்லும்: உயிரியற் கலைச்சொற்கள் குறித்து ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்து உயர்தர மாணவன் ‘பிரசாரணம்’ என்று கற்பதனைத் தமிழகத்து மாணவன் ‘சவ்வூடு பரவல்’ என்று கற்கின்றான். முன்னையது வடமொழி, ஆகவே இடர்ப்பாடானது. பின்னையது நற்றமிழ், ஆகவே தெளிவானது என்பதே பெரும்பாலார் தீர்ப்பு. உயிரியல் எமது துறையன்று. எனினும் சொல் எமது துறையாகலின் இத்தீர்ப்பினை ஆராய்தல் தகும்.

‘சவ்வூடு பரவல்’ தெளிவான தொடரே. ஆனால் அது தெளிவாகச் சொல்வது யாது? சவ்வினூடு பரவுவன பல. சிறுநீரக நோயாளரின் குருதியைச் சுத்திகரிக்கும் பொறியிலே யூரியாவும் சவ்வினூடே பரவுகின்றது, அது பிரசாரணமன்று. தேர்ந்து புகவிடும் மென்சவ்வினூடாக, செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு கூடிய கரைசலுக்கு நீர் செல்வதே பிரசாரணம். உப்பிட்ட மாங்காய்த் துண்டு நீர்விட்டுச் சுருங்குவது இதனாலேயே. நீர் என்ற செய்தி அத்தொடரில் இல்லை. ‘பிரசாரணம்’ என்பதிலும் அஃதில்லைதான். வடமொழியில் அது விரித்தலையே குறிக்கும். ஆயினும் விளங்காத சொல் மாணவனை வரைவிலக்கணத்தை நாடச் செய்யும். அரைகுறையாய் விளங்கும் சொல்லோ போதுமென்று நிறுத்திவிடும்.

‘கலம்’ பற்றி ஐயமில்லை. 1665இல் றொபேட் ஹூக் தக்கையிற் கண்டவை வெற்றறைகள். சிற்றறை என்னும் பொருள்பட அவர் இட்ட பெயரே ஆங்கிலத்தில் நிலைத்தது. உள்ளீடுடைய ஏனத்தைக் குறிக்கும் கலமோ அதனினும் பொருத்தமானது. தமிழகத்துச் ‘செல்’ நம் செவியிற் கறையானாகவும் ஒலிக்கும். ஏடுகளை அரித்த செல்லை நாம் எளிதில் மறப்பதற்கில்லை.

மிக வியப்பூட்டுவது ‘வியத்தம்’. கலங்கள் நரம்பாகவும் தசையாகவும் சிறப்படைதலைத் தமிழக நூல்கள் ‘வேறுபாடடைதல்’ என்னும். வியத்தமாவது வெளிப்பட்டது. ஓருடலின் கலங்கள் ஏறத்தாழ அனைத்திலும் பரம்பரையலகுகள் ஒன்றே. அவற்றுள் எவை வெளிப்படுகின்றன என்பதே கலத்தின் தன்மையைத் தீர்மானிக்கின்றது என்று இன்றைய உயிரியல் கூறும். பழஞ்சொல் புதிய உண்மைக்கு இத்துணை நெருங்கி நிற்பது தற்செயலே எனினும், பயன்கொள்ளத்தக்க தற்செயல்.

பயன்கொண்டோமா? மானிப்பாயில் வைத்தியர் கிறீன் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்றார். 1875இல் ‘கெமிஸ்தம்’ என்றார். ஓரிடத்தில் வடமொழி, ஓரிடத்தில் ஒலிபெயர்ப்பு. அவர் காலந்தொட்டுச் சொல்லாக்கத்தில் நாம் முந்தியோரே. சொல்விளக்கத்திலன்று. உயிரியல் பயிலும் நண்பர் சிலரிடம் வியத்தம் என்பதன் பொருளை வினவினோம். வரைவிலக்கணத்தைப் பிழையற ஒப்புவித்தனர். சொல்லின் பொருளை ஒருவரும் கூறிலர்.