கோப்பு சரியாக வந்து சேர்ந்ததா?

தவறு செய்பவனைப் பொறுத்துக்கொள்ளலாம். தவறு செய்துவிட்டு, எல்லாம் ஒழுங்காக முடிந்தது என்று சொல்பவனை நம்பி ஒரு காரியத்தில் இறங்க முடியாது. மனிதர்களுக்குப் பொருந்தும் இவ்விதி கருவிகளுக்கும் பொருந்தும். ஆய்வுக்கூடத்தில் மின்சுற்று அமைக்கும் மாணவர்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள். கம்பி அறுந்திருந்தால் அம்மீட்டரின் முள் அசைவதே இல்லை. குறை இருப்பது உடனே தெரிந்துவிடுகிறது. திருகு தளர்ந்திருந்தால் முள் அசைகிறது. ஓர் அளவையும் காட்டுகிறது. அந்த அளவு தவறு என்பது கணக்கெல்லாம் போட்டு முடித்த பிறகுதான் தெரியவருகிறது. சில வேளைகளில் தெரியாமலே போய்விடுகிறது.

இந்த ஓர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, தொலைபேசிக் கம்பி வழியே கணிப்பொறிகள் கோப்புகளைப் பரிமாறிக்கொண்ட காலத்தில் பெயர் பெற்றிருந்த எக்ஸ்மோடம், கெர்மிட், இசட்மோடம் ஆகிய மூன்று நெறிமுறைகளை மதிப்பிடுவோம். நெறிமுறை என்பது, இரண்டு கணிப்பொறிகள் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்று முன்னதாகவே செய்துகொள்ளும் உடன்பாடு. இவற்றை வேகத்தைக் கொண்டு ஒப்பிட்டவர்கள் பலர். நாம் கேட்கப்போகும் கேள்வி வேறு: தோல்வி நேர்ந்தபோது, அதைத் தோல்வி என்று ஒப்புக்கொண்டதா?

தொலைபேசியில் ஓர் அறிவிப்புப் பலகை

1978ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் சிகாகோ நகரைக் கடும் பனிப்புயல் முடக்கிப்போட்டது. வீட்டுக்குள் அடைபட்ட வார்ட் கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் என்ற இரு நண்பர்கள், தங்கள் கணிப்பொறிச் சங்க உறுப்பினர்களுக்காக ஓர் அறிவிப்புப் பலகையைக் கணிப்பொறியிலேயே அமைக்கத் திட்டமிட்டார்கள். பிப்ரவரி 16ஆம் நாள் அது இயங்கத் தொடங்கியது. தொலைபேசியில் அழைத்தால் கணிப்பொறி பதில் சொல்லும். செய்திகளைப் படிக்கலாம், எழுதி வைக்கலாம். ஒரே ஒரு தொலைபேசி இணைப்புத்தான். ஆகவே ஒரு நேரத்தில் ஒருவருக்கே இடம். பின்னர் இத்தகைய பலகைகள் ஆயிரக்கணக்கில் பெருகின. 1990களில் இணையம் பரவும் வரை, சாதாரண மக்கள் நிரல்களைப் பெறவும் கொடுக்கவும் இவையே முக்கிய வாயிலாக இருந்தன.

கணிப்பொறியின் பிட்டுகளை ஒலியாக மாற்றிக் கம்பியில் அனுப்பும் கருவியே மோடம். தொடக்ககால மோடம் வினாடிக்கு 300 பிட்டுகளை அனுப்பியது. ஒரு பைட்டுக்குத் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் சேர்த்து 10 பிட்டுகள் ஆகும். எனவே வினாடிக்கு 30 பைட்டுகள்தாம். மின்னல், கம்பியின் கரகரப்பு, அடுத்த அறையில் யாரேனும் ரிசீவரை எடுத்துவிடுவது என்று இடையூறுகளுக்குக் குறைவில்லை. கடிதத்தில் ஓர் எழுத்து பிசகினால் ஊகித்துப் படித்துவிடலாம். நிரலில் ஒரு பைட்டு பிசகினால் நிரலே பாழாகிவிடலாம். ஆகவேதான் நெறிமுறை தேவைப்பட்டது.

எக்ஸ்மோடத்தின் அழகு

1977இல் கிறிஸ்டென்சன் எழுதிய நெறிமுறையே பின்னாளில் எக்ஸ்மோடம் எனப் பெயர் பெற்றது. தமது சொந்தத் தேவைக்காக, பெரிய திட்டம் எதுவுமின்றி விரைந்து எழுதியது என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். கோப்பை 128 பைட்டுகள் கொண்ட கட்டுகளாகப் பிரிப்பது அதன் அடிப்படை. அவர் பயன்படுத்திய சிபி/எம் இயக்க முறை வட்டில் தகவலை 128 பைட்டுகளாகவே கையாண்டது. அளவு அங்கிருந்து வந்தது. ஒவ்வொரு கட்டின் முன்னும் ஒரு தொடக்கக் குறி, கட்டின் எண், அந்த எண்ணை 255இலிருந்து கழித்த எண் ஆகிய மூன்று பைட்டுகள்; இறுதியில் 128 பைட்டுகளின் கூட்டுத்தொகையை 256ஆல் வகுத்துக் கிடைக்கும் மீதி ஒரு பைட்டு. மொத்தம் 132. பெறுகின்ற கணிப்பொறி இவற்றைச் சரிபார்த்து, ‘சரி’ என்றோ ‘மீண்டும் அனுப்பு’ என்றோ ஒரு பைட்டில் பதில் சொல்லும். பதில் வரும்வரை அனுப்புகிற கணிப்பொறி காத்திருக்கும்.

இவ்வளவுதான் எக்ஸ்மோடம். நிரல் எழுதத் தெரிந்த மாணவன் இதை ஒரு மாலைப்பொழுதில் எழுதிவிடலாம். யாரிடமும் உரிமம் பெற வேண்டியதில்லை. இந்த எளிமையால்தான் வெவ்வேறு நிறுவனங்களின், ஒன்றோடொன்று ஒட்டாத கணிப்பொறிகள் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ள முடிந்தது.

கட்டின் எண்ணை இருமுறை அனுப்பும் ஏற்பாட்டையும் பாராட்ட வேண்டும். ஒருவர் தமது நிரலை, பைட்டுக்கு 8 பிட்டு என்பதற்குப் பதிலாக 7 பிட்டு என்று தவறாக அமைத்துவிட்டார் என்று கொள்வோம். ஆங்கில எழுத்துகளுக்கு 7 பிட்டுகளே போதுமாதலால், பலகையின் செய்திகள் திரையில் ஒழுங்காகத் தெரியும். கோப்பை இறக்க முயன்றால் மட்டும் ஒன்றும் நடவாது. ஏன்? முதல் கட்டின் எண் 1. அதன் இணை எண் 254. எட்டாவது பிட்டு உதிர்ந்தால் 254 என்பது 126 ஆகிவிடும். 1ஐயும் 126ஐயும் கூட்டினால் 255 வராது. முதல் கட்டிலேயே நெறிமுறை மறுத்துவிடுகிறது. இது நேர்மையான தோல்வி.

மற்றொன்று இன்னும் சுவையானது. 19 என்ற பைட்டை ‘நில்’ என்றும் 17ஐ ‘தொடர்’ என்றும் மோடங்கள் பொருள்கொள்ளும் ஓர் அமைப்பு உண்டு. அதை இயக்கி வைத்துவிட்டு எக்ஸ்மோடத்தில் ஒரு சாதாரண உரைக்கோப்பை இறக்கினால், 16 கட்டுகள், அதாவது 2,048 பைட்டுகள் ஒழுங்காக வரும். 17ஆவது கட்டில் நின்றுவிடும். கட்டின் எண்ணாகிய 17ஐ மோடம் தனக்கிட்ட கட்டளை என்று எண்ணி விழுங்கிவிடுவதே காரணம். கட்டு ஒன்றின் சரிபார்ப்பு எண்ணே தற்செயலாக 17 அல்லது 19 ஆக அமைந்தால் அதற்கு முன்பும் நிற்கலாம். எத்தனை முறை முயன்றாலும் அதே இடத்தில்தான் நிற்கும். ‘கம்பி சரியில்லை’ என்று தொலைபேசித் துறையை நொந்துகொள்பவர் இங்கே சற்றுச் சிந்திக்க வேண்டும். இரைச்சலுக்கு ஒழுங்கு கிடையாது. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிகழும் தவறு இரைச்சலால் வருவதன்று. அதற்கு நிலையான காரணம் ஒன்று இருந்தே தீரும்.

எக்ஸ்மோடத்தின் பொய்

இனிக் குறைகளுக்கு வருவோம். கூட்டுத்தொகையை நம்பியதே முதற்குறை. இரண்டு பைட்டுகள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது. ஏதேனும் இரண்டு பைட்டுகளில் எட்டாவது பிட்டு மட்டும் புரண்டாலும் மாறாது. ஒவ்வொன்றும் 128 அளவு பிசகும், இரண்டும் சேர்ந்தால் 256 அல்லது சுழி, 256ஆல் வகுத்தால் மீதியில் வேறுபாடு இல்லை. முற்றிலும் குலைந்துபோன ஒரு கட்டுகூடச் சுமார் 256இல் ஒரு முறை ‘சரி’ என்று தேறிவிடும். அப்போது திரையில் என்ன தோன்றும்? கோப்பு முழுமையாக வந்துவிட்டது என்ற செய்திதான். பயனாளர் நிரலை இயக்குவார், அது தடுமாறும், நிரலை எழுதியவரைக் குறை சொல்வார்.

இதைத் திருத்தப் பின்னர் சி.ஆர்.சி. என்ற முறை சேர்க்கப்பட்டது. கட்டு முழுவதையும் ஒரே நீண்ட இரும எண்ணாகக் கருதி, குறிப்பிட்ட ஒரு வகுஎண்ணால் வகுத்து, மீதியை இரண்டு பைட்டுகளில் அனுப்பும் முறை இது. வகுத்தலில் ஒவ்வொரு பிட்டின் இடமும் கணக்கில் வருவதால் இடமாற்றத்தை மறைக்க முடியாது. தொடர்ச்சியாக 16 பிட்டுகளுக்குள் நேரும் எந்தக் குலைவும் தப்பாது; பிற குலைவுகளும் சுமார் 65,536இல் ஒன்றே தப்பும். ஆயினும், எதிர்முனை இம்முறையை அறியாவிட்டால், பெறும் நிரல் சிலமுறை கேட்டுப் பார்த்துவிட்டுப் பழைய கூட்டுத்தொகைக்கே இறங்கிவிடும். பூட்டு மாட்டிய வீட்டில் பின்கதவைத் திறந்து வைத்தது போன்றது இது.

கோப்பின் நீளத்தைச் சொல்லாதது இரண்டாவது குறை. 1,000 பைட்டுக் கோப்பு எட்டுக் கட்டுகளாகி, 1,024 பைட்டுகளாக வந்து சேரும். மிச்சம் 24 பைட்டுகள் வெற்று நிரப்பு. வந்தது அனுப்பியதுதானா என்று நீளத்தைக் கொண்டு சோதிக்கும் எளிய வழியும் இதனால் அடைபட்டது.

மூன்றாவது குறை காத்திருத்தல். இதில் பொய் இல்லை. வீண் மட்டுமே உண்டு. அழைப்பு செயற்கைக்கோள் வழியே செல்வதாக வைத்துக்கொள்வோம். தரையிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்க ஒளியின் வேகத்திலும் கால் வினாடி ஆகும். பதில் திரும்ப மற்றொரு கால் வினாடி. வினாடிக்கு 2,400 பிட்டு மோடத்தில் ஒரு கட்டு செல்ல 0.55 வினாடி, காத்திருப்பையும் சேர்த்தால் வினாடிக்குச் சுமார் 124 பைட்டுகளே தேறும். 9,600 பிட்டு மோடம் வாங்கினால்? ஏறத்தாழ 208 பைட்டுகள். நான்கு மடங்கு வேகத்துக்குப் பணம் கொடுத்தவருக்கு இரண்டு மடங்குகூடக் கிடைப்பதில்லை.

கெர்மிட்: எதையும் நம்பாத விருந்தாளி

1981இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிராங்க் ட குரூஸ், பில் கேச்சிங்ஸ் ஆகியோர் கெர்மிட்டை உருவாக்கினார்கள். பெருங்கணிப்பொறியில் மாணவர்களுக்கு ஒதுக்கிய இடம் போதவில்லை. அவர்கள் கோப்புகளை வட்டுகளில் எடுத்துச் செல்ல ஒரு வழி வேண்டியிருந்தது. பெருங்கணிப்பொறிகளோ 8 பிட்டுகளையும், கட்டுப்பாட்டுக் குறிகளையும் உள்ளே விடமாட்டா. ஆகவே கெர்மிட் எல்லாவற்றையும் சாதாரண எழுத்துகளாக மாற்றியே அனுப்பியது. வேகம் குறைந்தது, ஆனால் எக்ஸ்மோடம் நுழைய முடியாத இடங்களில் இது நுழைந்தது.

நமது அளவுகோலில் கெர்மிட்டுக்கு முழு மதிப்பெண் தர இயலவில்லை. அதில் 16 பிட்டு சி.ஆர்.சி. உண்டு, ஆனால் இயல்பாக அமைந்திருந்ததோ 6 பிட்டுக் கூட்டுத்தொகைதான். நல்ல காவலன் இருந்தும், கேட்டால்தான் வருவான்.

இசட்மோடம்: வேகமும் விழிப்பும்

1986இல் சக் போர்ஸ்பெர்க் உருவாக்கிய இசட்மோடம், பதிலுக்குக் காத்திராமல் தொடர்ந்து அனுப்பியது. தவறு கண்டால், ‘இந்த இடத்திலிருந்து மீண்டும் அனுப்பு’ என்று பெறும் கணிப்பொறி சொல்லும். கோப்பின் பெயரும் நீளமும் முன்னதாகவே வந்துவிடும். 17, 19 போன்ற குறிகள் வேறு வடிவில் செல்லும். 32 பிட்டு சி.ஆர்.சி.யைப் பயன்படுத்தினால் குலைந்த கட்டு தப்புவது சுமார் 430 கோடியில் ஒன்று. பாதியில் அறுந்த இறக்கத்தை விட்ட இடத்திலிருந்து தொடரவும் முடியும்.

இந்தக் கடைசி வசதியில்தான் எச்சரிக்கை தேவை. எவ்வளவு வந்திருக்கிறது என்பதை, கைவசமுள்ள பாதிக் கோப்பின் நீளத்தைக் கொண்டு கணக்கிட்டுத் தொடர்வது வழக்கம். இடைப்பட்ட நாளில் பலகையின் உரிமையாளர் அதே பெயரில் புதிய பதிப்பை வைத்துவிட்டால்? முன்பாதி பழையது, பின்பாதி புதியது. ஒவ்வொரு கட்டும் சரி, கோப்பு மட்டும் தவறு. முழுக்கோப்பின் சி.ஆர்.சி.யை ஒப்பிடும் ஏற்பாடு நெறிமுறையில் இருந்தும், அது கட்டாயமாக்கப்படவில்லை.

தவறு எங்கே நேர்ந்தது என்பதையும் இது சொல்வதில்லை. 1988இல் வந்த வி.42 தரத்தின்படி மோடங்களே தமக்குள் பிழை திருத்திக்கொள்ளத் தொடங்கின. அப்படியும் இசட்மோடம் பிழைகளைக் காட்டினால், குறை கம்பியில் இல்லை. மோடத்துக்கும் கணிப்பொறிக்கும் இடையே இருக்கிறது. பழைய தனியாள் கணிப்பொறிகளின் 8250 என்ற சில்லு, வந்த ஒரு பைட்டை மட்டுமே வைத்திருக்க வல்லது. வினாடிக்கு 19,200 பிட்டு வேகத்தில் அரை மில்லி வினாடிக்கு ஒரு பைட்டு வரும். அதற்குள் கணிப்பொறி எடுக்காவிட்டால் அடுத்தது அதன்மேல் விழும். 16 பைட்டுகளை வரிசையில் வைக்கும் 16550 சில்லைப் பொருத்தியதும் பலருடைய ‘கம்பிக் கோளாறு’ மறைந்தது இதனால்தான்.

தீர்ப்பு

மூன்றில் சிறந்தது இசட்மோடம் என்பதில் ஐயமில்லை. ஆனால் மூன்றும் கட்டுகளைக் காத்த அளவுக்குக் கோப்பைக் காக்கவில்லை. வழியில் எத்தனை காவல் வைத்தாலும், இறுதிச் சரிபார்ப்பு இரு முனைகளிலும்தான் நிகழ வேண்டும் என்று சால்ட்சர், ரீட், கிளார்க் ஆகிய மூவரும் 1984இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார்கள். 1989இல் வந்த சிப் வகைக் கோப்புகள், உள்ளிருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பிட்டு சி.ஆர்.சி.யைச் சுமந்து வந்தன. இறக்கி முடித்ததும் அதைச் சோதித்துப் பார்த்த பயனாளர், எந்த நெறிமுறையின் சொல்லையும் நம்ப வேண்டியிருக்கவில்லை.

எக்ஸ்மோடம் இன்றும் சிறு மின்னணுப் பலகைகளில் நிரலை ஏற்றப் பயன்படுகிறது. நீங்களும் அதைச் சந்திக்கக்கூடும். அதற்கு முன் தாளில் ஒரு சோதனை செய்து பாருங்கள். 256க்குக் குறைந்த பத்து எண்களை எழுதிக் கூட்டி, 256ஆல் வகுத்து மீதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மீதி மாறாதபடி அந்த வரிசையை எத்தனை வகையில் குலைக்க முடியும் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணி முடியாது என்பது விரைவில் புலப்படும். ‘முடிந்தது’ என்ற செய்தியைத் திரையில் காணும்போதெல்லாம், எதைச் சோதித்துவிட்டு இவ்வாறு சொல்கிறது என்று கேட்கும் பழக்கம் அதன்பின் தானே வந்துவிடும்.