கோமாளிகளின் மொழி

இலங்கைத் தமிழரிடையே பழைய பல்சுவை நிகழ்ச்சிகள் பற்றிய நினைவேக்கம் பெரிதும் வானொலியைச் சார்ந்ததாகும். தொலைக்காட்சி இங்கு 1979 இலேயே தொடங்கிற்று. அதற்கு முன்னரே ‘கோமாளிகளின் கும்மாளம்’ வானொலியில் புகழ்பெற்று, 1976 இல் ‘கோமாளிகள்’ என்னும் திரைப்படமாகவும் வெளிவந்தது. ராமதாஸின் மரிக்கார், ராஜகோபாலின் அப்புக்குட்டி, செல்வசேகரனின் உபாலி, அப்துல் ஹமீதின் ஐயர் ஆகியோரை நினைவுகூருவோர், முஸ்லிம் பாத்திரத்தை முஸ்லிம் அல்லாதவரும், ஐயர் பாத்திரத்தை முஸ்லிமும் ஏற்றமையைச் சுட்டி, இன ஒற்றுமையின் சான்றாகப் போற்றுவர். அது பிழையன்று, ஆயின், போற்றுதல் விமர்சனமாகிவிடாது.

இந்நாடகத்தின் நகைச்சுவை கதையிலன்றிப் பேச்சிலேயே தங்கியிருந்தது. 1960களின் தொடக்கத்தில் ‘இழிசனர் வழக்கு’ எனப் பண்டிதர் சிலர் இலக்கியத்தினின்றும் ஒதுக்க முயன்ற பேச்சு மொழி, ஒலிவாங்கியின் முன் கூச்சமின்றி நின்றது. இதனைச் சாதனை என்றே கொள்ளல் வேண்டும்.

எனினும் வகைமாதிரி தனிமனிதரை மட்டுமன்றி ஊர்களையும் விழுங்கிவிடும். புத்தளம் மாவட்டத்துக் கனமூலையிலிருந்து நோக்கின் இது தெளிவாகும். இக்கரையோர முஸ்லிம்களின் தமிழ் வேறு, கிழக்கிலங்கை முஸ்லிம்களின் தமிழ் வேறு. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் வந்தோர் கொணர்ந்த தமிழ் மற்றொன்று. மரிக்காரின் ஒரு குரல் இவையனைத்துக்கும் பிரதிநிதியாயிற்று. சிரித்தோர் அக்குறையை உணர்ந்திலர் (கனமூலையாரும் சிரித்திருக்கக்கூடும், தம்மைக் கேலிசெய்யும் குரலிலும் தம் மொழியைக் கேட்பதில் ஓர் இன்பமுண்டு).

உபாலியின் நிலை இன்னும் சிக்கலானது. அவனது தமிழ் சிங்கள ஒலிப்பினால் சிதைந்து வரும், அச்சிதைவே சிரிப்பு. ஆனால் 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறிய நாட்டில், அரச அலுவலகங்களில் பிறமொழியிற் பேசத் தடுமாறியோர் பெரும்பாலும் தமிழ் பேசுவோரே. நிகழ்ச்சி அவ்வுறவைத் தலைகீழாக்கிற்று: சிங்களவன் ஒருவன் தமிழ் பேச முயல்கிறான், பிழைவிடுகிறான், மன்னிக்கப்படுகிறான். தமிழ் நேயர்க்கு அவன் அளித்த ஆறுதலின் வேர் இங்கேயே உள்ளது. அந்நிகழ்ச்சியை எண்ணி ஏங்குவோர், தம் மொழியிற் பேச மறுபக்கமும் முயன்றதாக ஒரு கால்மணிநேரமேனும் நம்பமுடிந்த உலகினை எண்ணியே ஏங்குகின்றனர். வீட்டில் தமிழும் சந்தையில் சிங்களமுமாக வாழும் கனமூலை போன்ற ஊர்களிலோ உபாலியின் மறுபாதியும் அன்றாடம் ஒலிப்பதுண்டு: தமிழ் வாயில் சிதையும் சிங்களம். அதனைக் கோமாளிகளின் மேடை நமக்குக் கேட்பிக்கவில்லை.