சுல்தானுக்கு வைத்த தேர்வு

வோல்ஃப்காங் கோலரின் நூலைப் படிக்காதவர்களுக்கும் சுல்தானைத் தெரியும். கூண்டுக்கு வெளியே வாழைப்பழம். கையில் இரண்டு குச்சிகள், இரண்டுமே எட்டாது. சுல்தான் என்ற சிம்பன்சி ஒன்றை இன்னொன்றுக்குள் செருகிப் பழத்தை இழுத்துக்கொள்கிறது. 'சட்டென்று உதித்த அறிவு' என்று பாடப்புத்தகங்கள் கதையை முடித்துவிடும்.

1917இல் ஜெர்மனில் வந்த மூலநூல் அவ்வளவு சுத்தமான கதையைச் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் சுல்தான் திணறுகிறது. கோலரே குச்சியின் துளையில் விரலை விட்டுக் காட்டியும் ஒன்றும் நடக்கவில்லை. அவர் கிளம்பிப் போன பிறகு, சும்மா விளையாடிக்கொண்டிருக்கும்போதுதான் குச்சிகள் பொருந்துகின்றன. அதைப் பார்த்தவர் காவலாளி. பின்னாளில் பால் ஷில்லர் பழமே வைக்காமல் குச்சிகளை மட்டும் கொடுத்தார். அப்போதும் பல சிம்பன்சிகள் அவற்றை இணைத்தன. அப்படியானால் பழம் எதற்கு? நாம் கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்கிறது என்று நாம் நம்புவதற்குத்தான்.

டெனரீஃப் தீவில் கோலர் செய்தவற்றில் எனக்குப் பெரிதாகத் தெரிவது, அதிகம் பேசப்படாத 1915ஆம் ஆண்டுச் சோதனைதான். இரண்டு பெட்டிகளில் பெரியதைத் தேர்ந்தெடுக்கச் சிம்பன்சியைப் பழக்கினார். பிறகு பெரிய பெட்டியைத் தள்ளி வைத்தார். விழித்திரையில் அதன் பிம்பம் இப்போது சின்னது. ஆனாலும் சிம்பன்சி ஏமாறவில்லை, பெரியதையே எடுத்தது. பிம்பத்தை அல்ல, பெட்டியைத்தான் பார்க்கிறது, நம்மைப் போலவே. இங்கே சிம்பன்சி கெட்டிக்காரனா என்று யாரும் கேட்கவில்லை. உலகம் அதற்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டார்கள். அதுதான் நல்ல கேள்வி.

கடப்பாக்கத்திலிருந்து ஈசிஆரில் வடக்கே போனால் மாமல்லபுரம். அர்ச்சுனன் தபசுக்குப் பக்கத்தில் ஒரு குரங்குக் குடும்பச் சிற்பம் இருக்கிறது. ஒன்று பேன் பார்க்கிறது, குட்டி தாயிடம் பால் குடிக்கிறது. பல்லவச் சிற்பி அங்கே எந்தப் பழத்தையும் தொங்கவிடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான், அவ்வளவுதான்.

இதை வைத்துக் 'கலை ஜெயித்தது' என்று சொல்ல மாட்டேன். பெட்டி தூரம் போனால் குரங்குக்கு எப்படித் தெரியும் என்பதைக் கல் ஒருநாளும் சொல்லாது; அதற்குச் சோதனை வேண்டும். ஆனால் தனியாக அடைத்து வைத்த சிம்பன்சி சிம்பன்சியே அல்ல என்ற கருத்தைக் கோலரே எழுதியிருக்கிறார். சுல்தான் கதையை மட்டும் எடுத்துக்கொண்ட நாம் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டோம். கோலரை மறுபடி படிப்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.